200 சேனலில் தொடங்கி 14இல் நின்ற கதை: கையடக்க ஸ்கேனருடன் என் முதல் மாதங்கள்

பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, ஆன்டெனாவைத் திருகி மாட்டி, ஸ்கேன் பொத்தானை அழுத்தினேன். திரையில் எண்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. அரை மணி நேரத்தில் எனக்குக் கேட்டது இரண்டு தடவை ‘கர்ர்’ என்ற சத்தம், அப்புறம் யாரோ தொண்டையைச் செருமியது போல ஒன்று. பக்கத்து அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, “என்னப்பா, புதுசே ரிப்பேரா?” என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

கருவி நன்றாகத்தான் இருந்தது. ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை மாறி மாறித் தட்டிப் பார்த்து, யாராவது பேசினால் அங்கே நின்று கேட்க வைக்கும் ரேடியோ. அது கைக்கு வருவதற்கு முன்பே எங்கெங்கோ தேடிப் பிடித்த 200 அலைவரிசைகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். வந்த அன்றே அத்தனையையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். விரல் வலித்தது, வேறு பலன் இல்லை. இன்று என் ஸ்கேனரில் 14 சேனல்கள் இருக்கின்றன. அன்று கேட்டதைவிடப் பல மடங்கு கேட்கிறேன். இடையில் நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் கேட்க மட்டுமே உதவும் கருவி. பார்க்க வாக்கி-டாக்கி மாதிரி இருந்தாலும் பேசும் பொத்தான் கிடையாது. கையடக்க ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்களான ஹாம்கள் பேசும் கருவி) இதில் கேட்பதில் ஒரு பகுதியைக் கேட்கலாம், அதனால் அதையே வாங்கலாமே என்று நானும் யோசித்தேன். உரிமம் இல்லாதவன் கையில் அந்தப் பேசும் பொத்தான் தெரியாமல் அழுந்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. இரண்டாவது, சட்டம். கேட்பதற்கும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி அனுமதி இல்லை. பிரிட்டனில் ஸ்கேனர் வைத்திருப்பதில் தவறில்லை, ஆனால் உங்களுக்காக அனுப்பப்படாத செய்தியை அதில் கேட்பது 2006ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராபி சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் கேட்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை, செல்போன் உரையாடல்கள் போன்றவை விலக்கு. கருவியை வைத்திருக்கவே உரிமம் கேட்கும் நாடுகளும் உண்டு. ஆகவே காசு கொடுப்பதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். சட்டம் அனுமதித்தாலும், கேட்டதைப் பதிவுசெய்து ஊருக்குச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன்.

சரி, அந்த முதல் நாளுக்கு வருவோம். என் முதல் தவறு ஸ்குவெல்ச் என்ற திருகு. யாரும் பேசாத அலைவரிசையில் ரேடியோ சும்மா இருக்காது, ‘ஷ்ஷ்’ என்று இரையும். அந்த இரைச்சலை உள்ளே விடாமல் நிறுத்தும் மடைப்பலகைதான் ஸ்குவெல்ச். சிக்னல் வந்தால் மடை திறக்கும், போனால் மூடும். நான் என்ன செய்தேன் என்றால், இரைச்சல் வரவே கூடாது என்று அதைக் கடைசி வரை திருகி வைத்துவிட்டேன். மடையை முழுக்க அடைத்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்த கதை. தூரத்துக் குரல் எதுவும் அந்த உயரத்தைத் தாண்டி வர முடியாது. ஸ்கேன் ஓட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: மடை திறந்தால்தான் கருவி அந்தச் சேனலில் நிற்கும். மடை திறக்காவிட்டால் குரல் இருந்தும் தாண்டிப் போய்விடும்.

சரியான வழி சுலபமானது. ஸ்கேனை நிறுத்திவிட்டு, யாரும் பேசாத ஒரு சேனலில் நில்லுங்கள். திருகை முழுக்கத் திறந்து இரைச்சலைக் கேளுங்கள். பிறகு மெதுவாகத் திருகி, இரைச்சல் நிற்கிற அந்த இடத்தைத் தாண்டி ஒரு மயிரிழை மட்டும் போய் நிறுத்துங்கள். அறை மாறினாலோ, அலைவரிசைப் பகுதி மாறினாலோ மறுபடி சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு திருகைச் சரியாக வைத்த மாலையில்தான் எனக்கு முதல் மனிதக் குரல் கேட்டது. ஒரு விமானி ஏதோ எண்களைச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனாலும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டாவது தவறு அந்த 200. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். என் கருவி ஒரு விநாடிக்குச் சுமார் 50 சேனல்களைத் தட்டிப் பார்க்கிறது. 200ஐயும் சுற்றி வர 4 விநாடி. விமானி ஒருவர் ஒருமுறை வாய் திறந்தால் பேசுவதே மூன்று, நான்கு விநாடிதான். நான் அங்கே போய்ச் சேரும்போது பாதி முடிந்திருக்கும், அல்லது முழுக்க. போதாததற்கு ஒவ்வொரு பேச்சும் முடிந்த பிறகு, பதில் வருமோ என்று கருவி 2 விநாடி காத்திருக்கும். அந்த நேரத்தில் மற்ற 199 சேனல்களுக்கும் அது செவிடு. இதையெல்லாம்விட மோசம், என் பட்டியலில் இரண்டு சேனல்களில் நாள் முழுக்க ‘டர்ர்’ என்று டேட்டா ஓடிக்கொண்டிருந்தது. நான் சமையலறைக்குப் போய்விட்டு வந்தால் கருவி அதில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

அதற்கு லாக்-அவுட் என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்தச் சேனலைக் கருவி தாண்டிப் போய்விடும். முதல் வாரத்தில் நான் அதிகம் அழுத்திய பொத்தான் அதுதான். பிறகு பொறுமை போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இந்தத் தடவை பட்டியலை நம்பவில்லை, ஸ்கேனரின் தேடல் வசதியைப் பயன்படுத்தினேன். ஸ்கேன் என்பது நீங்கள் ஏற்றி வைத்த சேனல்களை மட்டும் சுற்றுவது. தேடல் என்பது ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை கொடுத்துவிட்டால் இடையில் உள்ளதை எல்லாம் படிப்படியாகத் துழாவுவது. நான் கொடுத்தது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. விமானிகளும் தரைக்கட்டுப்பாடும் பேசும் பகுதி அது. 25 கிலோஹெர்ட்ஸ் படியில் போனால் 760 இடங்கள், ஒரு சுற்றுக்குப் பதினைந்து விநாடி. ஐரோப்பாவில் இருப்பவர்கள் 8.33 கிலோஹெர்ட்ஸ் படியில் வைக்க வேண்டும். அங்கே நெரிசல் தாங்காமல் ஒவ்வொரு இடத்தையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அப்படியென்றால் சுற்றுக்கு முக்கால் நிமிடம். பரவாயில்லை, அவசரம் எதற்கு? இரண்டு மாலைகளில் எனக்கு உண்மையில் கேட்கக்கூடிய 9 அலைவரிசைகள் சிக்கின. தாளில் இருந்த 200இல் அவற்றில் நான்குதான் இருந்தன.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் விமான அலைவரிசையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. மறையாக்கம் (மற்றவருக்குப் புரியாதபடி பேச்சைப் பூட்டி அனுப்புவது) இல்லை, டிஜிட்டல் இல்லை, உலகம் முழுக்க ஒரே இடம், ஒரே முறை. பேசுகிறவர் உயரத்தில் இருப்பதால் வீட்டுக்குள் இருந்தே கேட்கும்.

ஆனால் அந்த உயரம்தான் என்னை ஒரு வாரம் குழப்பியது. எனக்கு விமானிகள் மட்டுமே கேட்டார்கள். கேள்வி கேட்பார், பதில் வராது. கொஞ்சம் கழித்து ‘ரோஜர்’ என்பார். யாருக்கு? பதில் வேறு அலைவரிசையில் வருகிறது போல என்று நினைத்து அக்கம்பக்கமெல்லாம் தேடினேன். கருவிதான் பாதி பழுதோ என்றும் சந்தேகப்பட்டேன். இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகிறார்கள். ஒருவர் குரல் மட்டும் எனக்கு எட்டவில்லை, அவ்வளவே.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: இரண்டு ஆன்டெனாக்களும் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கின்றனவோ, அந்த எண்களின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். விமானம் 10,000 மீட்டரில் பறந்தால் வர்க்கமூலம் 100, என் மாடி ஜன்னல் 9 மீட்டர் என்றால் 3. மொத்தம் 424 கிலோமீட்டர்! தரையில் 25 மீட்டர் கம்பத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு வர்க்கமூலம் 5, என் 3ஐயும் சேர்த்தால் 33 கிலோமீட்டர்தான், அதுவும் நடுவில் கட்டடமோ மேடோ இல்லாவிட்டால். தலைக்கு மேல் போகிறவர் ஊரே கேட்கப் பேசுகிறார், அடுத்த ஊரில் உட்கார்ந்திருப்பவர் குரல் என் ஜன்னலுக்கு வரவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கருவியின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பாதி உரையாடலே போதும் என்பது அடுத்துப் புரிந்தது. கட்டுப்பாட்டாளர் சொல்லும் உயரம், திசை, அடுத்த அலைவரிசை போன்றவற்றை விமானி திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. ஆகவே விமானியின் பதிலைக் கேட்டாலே கேள்வி தெரிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு: “இனி இந்த எண்ணில் பேசுங்கள்” என்று அவரை அனுப்பும்போது, அந்த எண்ணை அவர் உரக்கத் திருப்பிச் சொல்வார். நான் குறித்துக்கொள்வேன். என் 14இல் மூன்று அப்படித் தானாக வந்து விழுந்தவை.

பேச்சு புரிவதற்குத்தான் நாளானது. 9ஐ ‘நைனர்’ என்பார்கள், 3ஐ ‘ட்ரீ’, 5ஐ ‘ஃபைஃப்’. இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் காதில் விழக் கூடாது என்பதற்காக. ‘ஃப்ளைட் லெவல் 350’ என்றால் 35,000 அடி. ‘ஸ்குவாக்’ என்று சொல்லி நான்கு இலக்கம் சொன்னால், விமானத்தின் டிரான்ஸ்பான்டரில், அதாவது ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியில், அந்த எண்ணைப் போடச் சொல்கிறார்கள். அதில் 8ம் 9ம் வரவே வராது, 0 முதல் 7 வரைதான். நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில். நான் ஒரு பழைய நோட்டை எடுத்து, அலைவரிசை, நேரம், காதில் விழுந்த ஒன்றிரண்டு சொற்கள் என்று எழுதத் தொடங்கினேன். முதல் பக்கங்களில் பாதி கேள்விக்குறிகள். மூன்றாவது வாரத்தில் கேள்விக்குறிகள் குறைந்துவிட்டன. அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் கருவி இந்நேரம் அலமாரிக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

விமானப் பேச்சு இன்னும் ஏன் பழைய ஏ.எம். முறையிலேயே இருக்கிறது என்று கேட்கலாம். எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சிக்னல் மற்றதை அப்படியே விழுங்கிவிடும். மற்றொருவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் கலந்து ‘ஊய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். புரியாவிட்டாலும் இன்னொருவர் இருக்கிறார் என்பது தெரியும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அது பெரிய விஷயம். நமக்கு இதில் இருக்கும் தொல்லை, வீட்டுச் சாதனங்களின் இரைச்சலை ஏ.எம். அப்படியே வாங்கிக்கொள்ளும். என் மேசையில் எப்போதும் ஒரு ‘ஙொய்’ சத்தம். ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு கருவியைக் கையில் பிடித்து வீடு முழுக்க நடந்தேன், புதையல் தேடுகிறவன் மாதிரி. லேப்டாப் சார்ஜர் ஒன்று, எல்.இ.டி. விளக்கு ஒன்று. இரண்டையும் அணைத்ததும் அறை துடைத்துவிட்டது போல ஆனது. அந்த விளக்கை மாற்றினேன். சார்ஜரை, கேட்கும் நேரத்தில் பிடுங்கி வைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஓர் இரவு 121.0இல் சினிமாப் பாட்டு கேட்டது. சிதைந்து, கரகரத்து, ஆனாலும் பாட்டுதான். விமானி பாட்டுக் கேட்கிறாரா என்ன? பெரும்பாலான ரேடியோக்கள் 1918இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வடிவமைத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில்தான் இயங்குகின்றன. வரும் அலையை உள்ளே இருக்கும் இன்னோர் அலையோடு கலந்து, ஒரு நிலையான இடைநிலை அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும். என் கருவியில் அந்த இடைநிலை 10.7 மெகாஹெர்ட்ஸ். இப்படிப்பட்ட கருவிகளுக்கு ஒரு பலவீனம்: 10.7இன் இரு மடங்கான 21.4 தள்ளி வலுவான நிலையம் ஏதாவது இருந்தால், அது பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். இதைப் ‘பிம்பம்’ என்பார்கள். 121.0இல் 21.4ஐக் கழித்தால் 99.6. வீட்டுப் பண்பலை வானொலியை 99.6க்குத் திருப்பினேன். அதே பாட்டு, தெளிவாக! பண்பலை ஒலிபரப்பையும் கண்டுபிடித்தவர் அதே ஆர்ம்ஸ்ட்ராங் என்பதால், என் தூக்கத்தைக் கெடுத்ததில் அவருக்கு இரட்டைப் பங்கு. இதற்கு மருந்து, கருவியில் அட்டெனுவேட்டர் இருந்தால் அதைப் போட்டு வரும் சிக்னலையே குறைப்பது, அல்லது பண்பலையை மட்டும் தடுக்கும் சிறிய வடிகட்டியை ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் மாட்டுவது.

ஆன்டெனா பற்றிப் பேசினால் நாள் போதாது. கூட வந்த குட்டை ரப்பர் ஆன்டெனா எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போகும், எதற்கும் முழுதாகப் பொருந்தாது. நீட்டிச் சுருக்கும் கம்பி ஆன்டெனா ஒன்றை வாங்கியதுதான் நான் செய்த நல்ல செலவு. எவ்வளவு நீட்டுவது? 75ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் வரும். விமானப் பேச்சுக்கு நடுவில் 125 என்று வைத்தால் 60 சென்டிமீட்டர். ஹாம்களின் 145க்கு 52, கப்பல்கள் அவசரத்துக்கு அழைக்கும் சேனல் 16க்கு, அதாவது 156.8க்கு, 48. கம்பியில் வண்ண டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். கம்பி நேராக நிற்க வேண்டும், படுக்க வைத்தால் சிக்னல் நன்றாகவே குறையும். உங்கள் கருவியின் வாய் செருகித் திருப்பும் பி.என்.சி. வகையா, திருகும் எஸ்.எம்.ஏ. வகையா என்று பார்த்து வாங்குங்கள். எஸ்.எம்.ஏ. சிறியது. நீளக் கம்பி அதில் ஆடிக்கொண்டே இருந்தால் அடிவாய் தளர்ந்துவிடும்.

மாடியில் பெரிய ஆன்டெனா வைத்து ஒயர் இழுத்தால் சொர்க்கம் என்று நினைத்தேன். வைத்தேன். விமானங்கள் கூடுதலாகக் கேட்டன, கூடவே பண்பலை நிலையங்களும் வரிசையாகத் தலைகாட்டின. கையடக்கக் கருவி சிறிய ஆன்டெனாவுக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவு சிக்னலை அதன் வயிறு தாங்காது. மெல்லிய கேபிளும் சும்மா இருக்காது. ஆர்.ஜி.58 கேபிள் பத்து மீட்டர் ஓடினால் இந்த அலைவரிசையில் சுமார் 2 டெசிபெல் போய்விடும், வந்த சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இப்போது அந்த ஆன்டெனாவை எப்போதாவதுதான் மாட்டுகிறேன். இடி மழை வருவதற்கு முன்பே நிச்சயம் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவேன்.

பேட்டரியில் ஓர் அசட்டுத்தனம். கருவியின் உள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது: சாதாரண பேட்டரியா, சார்ஜ் செய்யும் பேட்டரியா என்று சொல்ல. நான் சாதாரண அல்கலைன் பேட்டரிகளைப் போட்டு, ஸ்விட்சைப் பார்க்காமல் சார்ஜரை மாட்டிவிட்டேன். காலையில் கை வைத்தால் சூடு, உள்ளே ஒரு பேட்டரி கசிந்திருந்தது. சுத்தம் செய்து தப்பித்தேன், எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. சார்ஜ் ஏற்றும் பேட்டரிகளைத் தனிச் சார்ஜரில் ஏற்றுவதே என் வழக்கம் இப்போது. அப்புறம், இயர்போன்: ஸ்கேனரின் துளை மோனோவாக இருந்தால் சாதாரண ஸ்டீரியோ இயர்போனில் ஒரு காதில் மட்டும் கேட்கும். இதற்காக ஒரு நல்ல இயர்போனைக் குப்பையில் போட்டேன்.

காவல், தீயணைப்பு என்று கேட்க ஆசைப்பட்டு ஸ்கேனர் வாங்குகிறவர்கள் நிறைய. பல இடங்களில் அந்தச் சேவைகள் டெட்ரா, பி25 போன்ற டிஜிட்டல் முறைகளுக்கு மாறி, மறையாக்கமும் செய்துவிட்டன. சாதாரண ஸ்கேனரில் டிஜிட்டல் வெறும் கரகரப்பு. விலை கூடிய டிஜிட்டல் ஸ்கேனராக இருந்தாலும் மறையாக்கத்தை அது திறக்காது. சட்டமும் பல இடங்களில் விடாது. இந்த ஆசைக்காகப் பணம் கொட்டாதீர்கள்.

எனக்கு எதிர்பாராத சந்தோஷம் கொடுத்தது ஹாம்களின் 144 மெகாஹெர்ட்ஸ் பகுதிதான். கேட்ட குரலை வேறு அலைவரிசையில் வலுவாகத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற இடைநிலையம் இருந்தால், ஒரு சேனலைப் போட்டாலே சுற்று வட்டாரம் முழுக்கப் பேசுவது கேட்கும். அவர்கள் அனுப்பும் அலைவரிசை பெரும்பாலும் ரிப்பீட்டரின் அலைவரிசையிலிருந்து 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். அங்கேயும் நேரடியாக ஒரு குரல் கேட்டால் அந்த ஆள் பக்கத்துத் தெருவில்கூட இருக்கலாம். விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் ரேடியோ 145.800இல் பேசுகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போவதால், தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்குக் குட்டைக் கம்பியிலேயே கேட்கும். வேகமாக வருவதால் அலைவரிசை முதலில் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் கூடவும், போகும்போது அதே அளவு குறைவாகவும் தெரியும். பெரும்பாலான நாட்களில் அங்கே மௌனம்தான். ஏழாவது தடவை மொட்டை மாடியில் நின்றபோது ஒரு விண்வெளி வீரர் பள்ளிப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வி எனக்குக் கேட்கவில்லை, பதில் மட்டும். விமானிகளிடம் பழகிய காதுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. “தூங்கும்போது மிதக்காமல் இருக்கப் பையைச் சுவரில் கட்டிக்கொள்வோம்” என்ற பதில் வந்ததும், மகள் என்ன கேள்வி என்று சொல்லிவிட்டாள்.

14 சேனல்களில் 8 விமானங்களுக்கு, 4 ஹாம்களுக்கு, ஒன்று 145.800, ஒன்று 121.5. கடைசியாகச் சொன்னது அவசர உதவிக்கான அலைவரிசை, இதுவரை அதில் தவறுதலாக அழைத்தவர்களைத்தான் கேட்டிருக்கிறேன். 15ஆவது இடம் காலி. நேற்று தேடலில் 132க்குப் பக்கத்தில் ஒன்று இரண்டு தடவை நின்றது. குரல் மெலிது, எண் மட்டும் காதில் விழுந்தது. நோட்டில் நேரத்தோடு ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன், இன்று இரவு அதே நேரத்தில் மாடிக்குப் போக வேண்டும்.